நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி இப்போதே செய்துகொள்ள வேண்டுமா?

கேட்டவர்: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46; கோவையில் நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஓராண்டுக்கும் மேலாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் விடாமல் தொல்லை கொடுக்கின்றன. ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலங்களில் இரவு உணவு பத்து மணியைத் தாண்டிவிடும். அந்த நாட்களில் படுத்த சிறிது நேரத்திலேயே தொண்டை வரை புளிநீர் ஏறி, எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். குடும்ப மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை 40 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். சாப்பிடும் வரை நிம்மதியாக இருக்கிறது; நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் பழைய கதைதான். அதனால் மருந்துக் கடையில் நானே வாங்கி, தேவைப்படும்போது போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

அண்மையில் பார்த்த இரைப்பை, குடல் சிறப்பு மருத்துவர், எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் சோதனை) செய்து பார்த்துவிடலாம் என்கிறார். குடும்ப மருத்துவரோ, விழுங்குவதில் சிரமமில்லை, எடையும் குறையவில்லை, ஆகவே அதற்கு அவசியமில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலே போதும் என்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே அவனுக்கு எண்டோஸ்கோப்பி என்ற பேச்சே எழவில்லை, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் பெரியப்பா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் காலமானவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர அச்சம்.

நான் அறிய விரும்புவது இதுதான். எண்டோஸ்கோப்பி செய்தால் அமிலம் மேலேறுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடுமா? ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தால் எனக்கு இந்த நோயே இல்லை என்று கொள்ளலாமா? மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டுமா, சாப்பிட்டுக்கொண்டே செய்யலாமா? இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் எடுத்துக்கொள்கிறேன். வேறு நோய் எதுவும் இல்லை. புகைபிடிப்பதை விட்டு ஆண்டுகள் ஆகின்றன. தொப்பை மட்டும் சற்று இருக்கிறது.

மறுமொழி: சிறுவாணி (இரைப்பை, குடல் மருத்துவர்)

வணக்கம் ஐயா. நேரில் பரிசோதிக்காமல் எழுதுவதால், நான் சொல்வதை உங்கள் மருத்துவரோடு கலந்து பேசுவதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரு மருத்துவர்களும் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதன்முதலாக நெஞ்செரிச்சலோடு வருபவருக்குக் குடும்ப மருத்துவர் சொன்னது பொருந்தும். ஓராண்டாக மாத்திரையை விட முடியாமல் தவிப்பவருக்குச் சிறப்பு மருத்துவர் சொன்னது பொருந்தும். நீங்கள் முதல் நிலையைக் கடந்து இரண்டாவது நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

முதலில் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைப் பார்ப்போம். அமிலம் மேலேறி வருவதை எண்டோஸ்கோப்பி பார்ப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் படிந்த கறையைப் பார்த்து நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சொல்வதைப் போல, அமிலம் உணவுக்குழாயின் உட்படலத்தில் விட்டுச்சென்ற தடயத்தைத்தான் அது பார்க்கிறது. தடயம் இல்லாமலும் நோய் இருக்கலாம். மருந்தே எடுத்துக்கொள்ளாத நிலையில் நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம்தான் அரிப்புப் புண் காணப்படுகிறது. ஏனையோரின் உணவுக்குழாய் வெறும் கண்ணுக்கு இயல்பாகவே தெரிகிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் அது 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே, அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்தால் உணவுக்குழாயில் புண்ணோ சுருக்கமோ (குழாய் குறுகிப்போவது) கட்டியோ இல்லை என்று நிம்மதி அடையலாமே தவிர, அமில எதுக்களிப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

புண் இருந்தால் அதன் அளவை லாஸ் ஏஞ்சல்ஸ் வகைப்பாட்டின்படி ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளாகக் குறிப்போம். உட்படலத்தின் மடிப்பொன்றில் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கீறல் இருந்தால் ஏ. அதைவிட நீளமாக இருந்தாலும் அடுத்த மடிப்போடு இணையாமல் நின்றால் பி. மடிப்புகளுக்கிடையே தொடர்ந்து ஓடி, ஆனால் சுற்றளவில் முக்கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் சி. முக்கால் பங்கையும் அதற்கு மேலும் வளைத்துவிட்டால் டி. இவற்றுள் ஏ என்பதை நான் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் எந்தத் தொல்லையும் இல்லாத மனிதர்களிடமும் அது தென்படுவதுண்டு. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தும் மாறும். உலக அளவில் வல்லுநர்கள் கூடி வகுத்த லியோன் உடன்பாட்டின் இரண்டாம் பதிப்பும், பி முதல் டி வரையிலானவற்றையும், திசுச் சோதனையில் உறுதிப்பட்ட பேரட் மாற்றத்தையும் (உணவுக்குழாயின் உட்படலம் குடலின் உட்படலம் போல மாறுவது), அமிலத்தால் உண்டான சுருக்கத்தையும்தான் ஐயத்துக்கிடமில்லாத சான்றாகக் கொள்கிறது.

எல்லோருக்கும் உடனே செய்யாததற்கும் இதுவே காரணம். எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாதவருக்கு எட்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது, பிறகு நிறுத்திப் பார்ப்பது, அடங்காவிட்டாலோ நிறுத்தியதும் திரும்பினாலோ எண்டோஸ்கோப்பி செய்வது என்பதே அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் போக்கு. ஆனால் அந்த எட்டு வாரத்தை நம் ஊரில் சரியாக முடிப்பவர்கள் குறைவு. காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட வேண்டிய மாத்திரையைச் சிலர் டீயோடு விழுங்குகிறார்கள், சிலர் டிபன் முடித்தபின், சிலர் படுக்கப்போகும்போது. இரைப்பையின் அமில பம்புகள் உணவு வரும் வேளையில்தான் பெருமளவில் இயங்கத் தொடங்குகின்றன. இயங்கும் பம்பை மட்டுமே இந்த மருந்து அடைக்கும். தவறான நேரத்தில் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை கேட்கவில்லை, எண்டோஸ்கோப்பி செய்யுங்கள் என்று வருபவர்களைப் பலமுறை நேரத்தை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

உங்களைப் பொறுத்தவரை நிறுத்தினால் திரும்புகிறது என்பது தெளிவாக இருக்கிறது. எனவே ஒருமுறை செய்துகொள்வது நியாயம் என்பேன். மாத்திரையை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திய பிறகு செய்வதே பயன் தரும். இல்லாவிட்டால் ஆறிய புண்ணைப் படம்பிடித்துவிட்டு இயல்பு என்று எழுத வேண்டியிருக்கும். இரைப்பையில் தங்கி வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான சோதனையும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது பொய்யாக இல்லை என்று காட்டக்கூடும். நிறுத்திய முதல் இரண்டு வாரம் முன்பைவிடக் கூடுதலாக எரியலாம். அடக்கி வைத்த அமிலச் சுரப்பு மீண்டும் கிளர்ந்தெழுவதால் வருவது அது, நோய் முற்றிவிட்டதாகப் பொருளில்லை. அந்த நாட்களுக்கு உணவுக்குப் பின்னும் படுக்குமுன்னும் ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்தோ சாதாரண அமில முறியோ போதுமானவை.

இந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. விழுங்கும்போது உணவு நெஞ்சில் அடைத்துக்கொள்வது, விழுங்கினால் வலிப்பது, முயலாமலே எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், காரணம் தெரியாத இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால் அதை மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

இன்னொன்றை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அழுத்துவது, வியர்ப்பது, இடக்கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது போன்றவற்றை வாயுத்தொல்லை என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் மாரடைப்போடு வந்து சேர்வதை அவசரப் பிரிவில் பணிபுரிந்த ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட வலிக்கு முதல் சோதனை இ.சி.ஜி. தான், எண்டோஸ்கோப்பி அதற்குப் பிறகு.

மறுமொழி: வைகை

மதுரையில் எண்டோஸ்கோப்பி அறையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மருத்துவர் ஐயா நோயைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், அன்றைய தினம் என்ன நடக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன். பலர் அதற்கு அஞ்சியே தள்ளிப்போடுகிறார்கள்.

முந்தைய இரவு எளிதான உணவாகச் சாப்பிட்டுவிட்டு, குறைந்தது ஆறு மணி நேரம் திட உணவு இல்லாமல் வர வேண்டும். எங்களுக்கு அன்றாடம் நேரும் சிக்கல் பால் கலந்த காப்பி. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள்; உள்ளே கருவி போனதும் இரைப்பை முழுக்கப் பால் திரிந்து நிற்கும். பாலும் உணவாகவே கொள்ளப்படும். தெளிந்த தண்ணீர் மட்டும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டே வரலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி உட்பட அனைத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டு வரவே கூடாது. பார்ப்பதற்கும் சிறு துணுக்கு எடுப்பதற்கும் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டிய தேவையே இருப்பதில்லை.

தொண்டையில் லிடோகைன் தெளிப்பு அடிப்போம். கசப்பாக இருக்கும், சற்று நேரத்தில் எச்சில் விழுங்குவதே தெரியாதது போல மரத்துவிடும். கட்டிய பல்லைக் கழற்றிவிட்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம். குழாயின் தடிமன் ஏறத்தாழ சுண்டுவிரல் அளவு இருக்கும். தொண்டையைத் தாண்டும் அந்தச் சில விநாடிகள்தான் குமட்டும். எச்சிலை விழுங்க முயலாமல் வாயோரமாக வழிய விட்டு, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கடந்துவிடும். மூச்சுக்குழாய் வேறு வழி என்பதால் மூச்சடைக்காது. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தாங்க முடியாது என்பவர்களுக்கு மயக்க ஊசி போட்டுச் செய்கிறோம். ஆனால் அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது, காசோலையிலோ பத்திரத்திலோ கையெழுத்துப் போடக் கூடாது, வீட்டார் ஒருவர் உடன் வந்தாக வேண்டும். தெளிப்பு மட்டும் போட்டுக்கொண்டவர் மரப்பு நீங்கியதும் வேலைக்கே போகலாம். மரப்பு நீங்கும் முன் தண்ணீர் குடித்தால் புரை ஏறும். அதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து கடுகளவு துணுக்கு எடுத்து, மஞ்சள் நிற ஊடகத்தில் போட்டு வைப்போம். கிருமி இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். அறிக்கையில் ஆர்.யு.டி. என்று எழுதியிருப்பது இதைத்தான். வலிக்குமா என்று கேட்பார்கள். உட்படலத்தில் கிள்ளுவதை உணரும் நரம்பு இல்லாததால் எடுத்ததே தெரியாது. ஓட்டை விழுவது, பெரிய இரத்தக்கசிவு போன்றவை பார்ப்பதற்காக மட்டும் செய்யும் எண்டோஸ்கோப்பியில் மிக மிக அரிது. ஆயினும் வீடு திரும்பிய பின் கடும் நெஞ்சுவலியோ வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால் உடனே வந்துவிட வேண்டும்.

மறுமொழி: பொருநை

ஒன்றுமில்லை என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நின்றவள் நான். எண்டோஸ்கோப்பி அறிக்கை இயல்பு என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் எனக்கு வந்திருப்பது மனப்பிரமை என்றே பேசத் தொடங்கினார்கள். ஒரு மருத்துவமனையில் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கி, அடுத்த ஆண்டு மறுபடியும் எண்டோஸ்கோப்பிக்கு வரச் சொன்னார்கள். எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

பிறகு பார்த்த மருத்துவர், மறுபடியும் உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதில் பயனில்லை என்று சொல்லி, 24 மணி நேர பி.எச். சோதனைக்கு அனுப்பினார். மூக்கு வழியாக நூடுல்ஸ் பருமனில் ஒரு குழாயை உணவுக்குழாயின் அடிப்பகுதி வரை செலுத்தி, மறுமுனையை இடுப்பில் கட்டிய சிறு பெட்டியில் இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போலப் படுக்க வேண்டும். எரியும்போதெல்லாம் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய கோலத்தில் வெளியே போகக் கூச்சமாக இருந்ததைத் தவிர வலி என்று எதுவும் இல்லை.

முடிவில், அமிலம் உணவுக்குழாயில் நின்ற நேரம் மிகக் குறைவு என்றும், நான் பொத்தானை அழுத்திய வேளைகளுக்கும் அமிலம் ஏறிய வேளைகளுக்கும் தொடர்பே இல்லை என்றும் தெரியவந்தது. உணவுக்குழாயின் நரம்புகள் மிகையாக உணர்வதால் வரும் நெஞ்செரிச்சல் இது, இதற்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து உதவாது என்று விளக்கி, நரம்புணர்வைத் தணிக்கும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தார். இப்போது பெரும்பாலும் நலம். வீண் மாத்திரையை நிறுத்த முடிந்ததும், எரிச்சல் மெய்தான் என்று ஒருவர் சொல்லக் கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

மறுமொழி: தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். உங்கள் தம்பிக்கு நடந்தது இங்குள்ள வழக்கமான நடைமுறைதான். அலட்சியம் என்று எண்ண வேண்டாம். விழுங்குவதில் சிரமம் இருந்தால் எந்த வயதானாலும் விரைந்து எண்டோஸ்கோப்பி செய்வார்கள். 55 வயதை எட்டியவருக்கு எடை குறைவோடு மேல்வயிற்று வலியோ எதுக்களிப்போ செரியாமையோ இருந்தாலும் அப்படியே. மற்றவர்களுக்கு முதலில் மாத்திரை, உடல் எடையைக் குறைப்பது, இரவு உணவை முன்தள்ளுவது என்றுதான் தொடங்குவார்கள்.

நாள்பட்ட எதுக்களிப்பால் உணவுக்குழாயின் அடிப்பகுதித் தோல் குடலின் உட்படலம் போல மாறிவிடுவதை, லண்டனில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் நார்மன் பேரட்டின் பெயரால் பேரட் உணவுக்குழாய் என்கிறார்கள். அதில் சிறு விழுக்காட்டினருக்குப் பின்னாளில் புற்று வருகிறது. வெள்ளையின ஆண்களிடம் இது கூடுதல் என்பதால் இந்நாட்டில் அக்கறையும் கூடுதல். எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி செய்ய இயலாது என்பதால், நூலில் கட்டிய ஒரு மாத்திரையை விழுங்கச் செய்து, அது இரைப்பையில் கரைந்து உள்ளிருக்கும் பஞ்சு விரிந்ததும் மெல்ல மேலே இழுத்து, ஒட்டிவரும் உயிரணுக்களைச் சோதிக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு உருவாக்கியிருக்கிறது. சைட்டோஸ்பாஞ்ச் என்று பெயர்.

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இந்தியாவில் எண்டோஸ்கோப்பிக்கு இங்குபோல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, செலவும் ஒப்பீட்டில் குறைவு. அப்படியிருக்க, நெஞ்செரிச்சல் என்று வரும் எல்லோருக்கும் முதலிலேயே செய்துவிட்டால் என்ன குறை?

மறுமொழி: சிறுவாணி

நல்ல கேள்வி, அம்மா. செலவு குறைவு என்பதை வைத்து முடிவெடுத்தால் 25 வயதுக்காரருக்கும் குழாய் விட வேண்டியிருக்கும். கிடைக்கப்போவது பெரும்பாலும் ‘லேசான இரைப்பை அழற்சி’ என்ற ஒரு வரிதான். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தமக்கு அல்சர் என்று சொல்லிக்கொண்டு காரத்தையும் புளியையும் அஞ்சி வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். தேவையற்ற சோதனையின் தீங்கு குழாயைவிட அறிக்கையால்தான் அதிகம் என்பது என் கருத்து. அதே வேளையில், நம் ஊரில் நாற்பது, நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்குச் சற்று முன்னதாகவே செய்வதில் நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹெலிகோபாக்டர் கிருமி இங்கே பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இரைப்பைப் புற்றும் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. மேலைநாட்டு வயது வரம்பை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது.

நொய்யல்கரை ஐயா, உங்கள் பெரியப்பா வெற்றிலை, பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றுள் ஏதேனும் பழக்கம் உடையவராக இருந்தாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உணவுக்குழாய்ப் புற்றில் இரு பெரும் வகைகள் உண்டு. எதுக்களிப்போடும் பேரட் மாற்றத்தோடும் தொடர்புடையது சுரப்பிவகைப் புற்று. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது தட்டைச் செல் வகை. அதற்குப் புகையிலை, பாக்கு, மது ஆகியவையே முதன்மைக் காரணங்கள், நெஞ்செரிச்சலுக்கு அதில் பங்கில்லை.

பொருநை அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அமிலம் உணவுக்குழாயில் நிற்கும் நேரம் ஒரு நாளில் 4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இயல்பு, 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி, இடைப்பட்டதற்கு மற்றச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை வரை யோசிப்பவர்களுக்கும், சரியாக மாத்திரை சாப்பிட்டும் அடங்காதவர்களுக்கும் இது தேவை. விழுங்கும்போது அடைக்கிறது என்பவரின் உணவுக்குழாய் பார்வைக்கு இயல்பாக இருந்தாலும், மேலும் கீழுமாக ஆறு துணுக்குகளாவது எடுத்து அனுப்ப வேண்டும்; ஒவ்வாமை சார்ந்த ஈயோசினோஃபில் அழற்சி கண்ணுக்குத் தப்பி நுண்ணோக்கியில்தான் அகப்படும். சாப்பிட்ட உணவு புளிக்காமல் அப்படியே மேலே வருகிறது என்பவருக்கு உணவுக்குழாயின் அடிச்சுருக்குத்தசை திறவாமல் இருக்கும் அகலேசியாவையும் நினைக்க வேண்டும்; அதற்கு உணவுக்குழாய்த் தசைகளின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானிச் சோதனை.

கேட்டவர்: நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு வாழ்நாள் முழுவதும் புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் இருந்ததை அம்மா உறுதிசெய்தார். மாத்திரையை மூன்று வாரம் நிறுத்திவிட்டு எண்டோஸ்கோப்பி செய்துகொண்டேன். முதல் வாரம் ஆல்ஜினேட் மருந்து இல்லாவிட்டால் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். வைகை அம்மா சொன்னதுபோல மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததில், பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை.

அறிக்கையில் உள்ளவற்றை எழுதுகிறேன்: உணவுக்குழாயில் எல்.ஏ. கிரேடு ஏ; இசட் கோடு ஒழுங்கற்றுள்ளது; எல்.இ.எஸ். தளர்வு, ஹில் கிரேடு 2, ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பையின் கீழ்ப்பகுதி அழற்சி), சிறுகுடல் முற்பகுதி இயல்பு, ஆர்.யு.டி. பாசிடிவ். ஒழுங்கற்ற கோடு என்பதைப் படித்துவிட்டு என் மனைவி இணையத்தில் தேடி, பேரட் என்று கண்டு கலங்கிப்போயிருக்கிறார். கிருமிக்கு மருந்து சாப்பிட்டால் எதுக்களிப்பு கூடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். இனி ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமா?

மறுமொழி: சிறுவாணி

முதலில் உங்கள் மனைவியின் கலக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். உணவுக்குழாயின் வெளிறிய உட்படலமும் இரைப்பையின் செந்நிற உட்படலமும் சந்திக்கும் எல்லைதான் இசட் கோடு. அது பலருக்கும் வளைந்து நெளிந்துதான் இருக்கும். செந்நிறப் படலம் 1 சென்டிமீட்டருக்கு மேல் உணவுக்குழாய்க்குள் ஏறியிருந்து, எடுத்த துணுக்கில் குடல்வகை மாற்றமும் தெரிந்தால்தான் பேரட் என்று சொல்வோம். வெறும் நெளிவுக்குத் துணுக்கு எடுக்கவே வேண்டாம் என்பதுதான் வழிகாட்டுதல். உங்கள் மருத்துவரும் எடுக்கவில்லை, அது சரி.

கிரேடு ஏ உங்கள் அறிகுறிகளோடு ஒத்துப்போகிறதே தவிர, தனித்து நின்று எதையும் நிரூபிப்பதில்லை. எல்.இ.எஸ். எனப்படும் அடிச்சுருக்குத்தசையின் தளர்வு, ஹில் 2 ஆகியவை உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்து மடிப்பு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதற்கான குறிப்புகள். ஹில் அளவீடு 4 வரை போகும். 2 என்பது அநேகமாக இயல்பை ஒட்டியது. தளர்வு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டாம். கண்ணால் பார்த்து எழுதும் இந்தக் குறிப்புக்கு அவ்வளவு எடை கிடையாது.

உங்கள் அறிக்கையில் உடனடியாகச் செயல்பட வேண்டியது ஆர்.யு.டி. பாசிடிவ் என்பதில்தான். அந்தக் கிருமி நெஞ்செரிச்சலுக்குக் காரணமன்று. ஆனால் இரைப்பைப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுக்கும் காரணம் என்பதால் கண்டபின் விட்டுவைப்பதில்லை. அதை ஒழித்தால் எதுக்களிப்பு பொதுவாகக் கூடுவதில்லை என்பதால் அலுவலக நண்பரின் அச்சம் தேவையற்றது. பிஸ்மத் உள்ளிட்ட கூட்டு மருந்தை 14 நாட்கள் ஒரு வேளையும் விடாமல் முடியுங்கள். மலம் கறுத்துப் போகும். பிஸ்மத்தின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிடும்.

ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. சி அல்லது டி அளவில் புண் இருந்திருந்தால், எட்டு வாரம் மருந்து கொடுத்து ஆறியதா, அடியில் பேரட் மறைந்திருந்ததா என்று ஒருமுறை மறுபடி பார்த்திருப்போம். உறுதிப்பட்ட பேரட் இருந்திருந்தால், அதன் நீளத்தைப் பொறுத்து மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு இரண்டும் இல்லை. முன்னர் சொன்ன எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று புதிதாகத் தோன்றினால் மட்டும் மீண்டும் யோசிக்கலாம்.

பான்டோப்ரசோலைக் காலை உணவுக்கு முக்கால் மணி நேரம் முன்பாக எட்டு வாரம் எடுத்துவிட்டு, பிறகு 20 மில்லிகிராமுக்குக் குறைத்து, அடங்கியிருந்தால் தேவைப்படும்போது மட்டும் என்று கொண்டுவர முயலுங்கள். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். கணக்கு முடிக்கும் மாதங்களில் மாலை ஆறரைக்கே அலுவலகத்தில் இரவு உணவை முடித்துவிட்டு, வீட்டில் ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி வயிறு அழுந்தும். இடப்பக்கமாகப் படுப்பதும் நல்லது. ஆம்லோடிபின் அடிச்சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடிய மருந்து. அதற்கு மாற்று உண்டா என்று இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கிருமி ஒழிந்ததா என்று பார்க்கவும் மறுபடி எண்டோஸ்கோப்பி வேண்டாம். மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். கூட்டு மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோப்ரசோல் எடுத்திருக்கக் கூடாது. ஆகவே எட்டு வார மாத்திரையை முடித்ததும், 20 மில்லிகிராமைத் தொடங்கும் முன் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு அந்தச் சோதனைக்கு நாள் குறித்துக்கொண்டால், நிறுத்திய பின் எரிச்சல் திரும்புகிறதா என்பதும் அதே தவணையில் தெரிந்துவிடும்.